மகள் கேட்ட மிதிவண்டி

கோட்டைப்பட்டினத்திலிருந்து தாயார் ஒருவர் நமக்கு மடல் வரைந்துள்ளார். அறந்தாங்கியில் செவிலியராகப் பணிபுரியும் அவருடைய மகள், தம் ஊதியத்தில் மிச்சம் பிடித்த பணத்தைக் கொண்டு, கரடுமுரடான பாதைகளில் ஓட்டுவதற்கென்றே அமைந்த மலை மிதிவண்டி ஒன்றை வாங்க விரும்புகிறாராம். விலை ஏறத்தாழ 30,000 ரூபாய். விடுமுறை நாட்களில் தோழியரோடு கண்மாய்க் கரைகளிலும் தைலமரக் காட்டுத் தடங்களிலும் ஓட்டி வருவதே அவருடைய நோக்கம். இத்தொகையோடு இன்னும் சிறிது சேர்த்தால் பழைய ஸ்கூட்டர் ஒன்று வாங்கிவிடலாமே என்பது தந்தையின் கருத்து. மணமாக வேண்டிய பெண்ணுக்கு இஃது என்ன விளையாட்டு என்று உறவினர் சிலர் வினவுகின்றனர். இது வீண் செலவா, வாங்குவதானால் எதைப் பார்த்து வாங்குவது என்று இரண்டு வினாக்களை அத்தாயார் நம்மிடம் கேட்டுள்ளார். மடலின் முடிவில், தாமும் 1991ஆம் ஆண்டில் அறிவொளி இயக்கத்தில் சைக்கிள் பழகியவரே என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்.

அந்த ஒரு வரியைப் படித்த பின்னர், முதல் வினாவை வரலாற்றிலிருந்து தொடங்குவதே முறை என்று நமக்குத் தோன்றிற்று.

1991இல் புதுக்கோட்டை மாவட்ட ஆட்சியராக இருந்த திருமதி ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவுப் பணியோடு மிதிவண்டிப் பயிற்சியையும் இணைத்தார். பேருந்து எட்டிப் பாராத சிற்றூர்கள் நிறைந்த மாவட்டம் அது. கற்பிக்கச் செல்லும் பெண் தொண்டர்கள் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்லத் தந்தையையோ உடன்பிறந்தாரையோ எதிர்பார்த்து நின்றால் இயக்கம் நகராது என்பதை அவர் கண்டுகொண்டார். மிதிவண்டி வாங்கப் பெண்களுக்கு வங்கிகள் கடன் வழங்கின. மாலை வேளைகளில் ஊர்ப் பொட்டல்கள் பயிற்சிக் களங்களாயின. 1992ஆம் ஆண்டு அனைத்துலக மகளிர் நாளன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள், கைப்பிடியில் கொடி கட்டிப் புதுக்கோட்டை நகரில் மிதிவண்டியில் ஊர்வலம் வந்தனர். இம்மாவட்டத்திற்கு வந்து நேரில் கண்டு எழுதிய செய்தியாளர் பி. சாய்நாத், ஓரிலட்சத்திற்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் மிதிவண்டி ஓட்டப் பழகினர் என்று பதிவு செய்துள்ளார். தெருவில் ஆடவர் சிலர் பேசிய இழிசொற்களையும் அவர் மறைக்கவில்லை.

அவருடைய பதிவில் நம் பொருளுக்கு நேராக உதவும் செய்தி ஒன்றுண்டு. பெண்கள் பயிலும் வேகத்திற்கு ஈடாகப் பெண்களுக்கான மிதிவண்டிகள் கடைகளில் கிடைக்கவில்லை. ஆதலால் பலர், நடுவில் பார் வைத்த ஆடவர் மிதிவண்டியையே வாங்கினர். பின்னர்ச் சிலர் அதனையே விரும்பியும் கேட்டனர். காரணம் எளியது: அந்தப் பாரின் மேல் ஒரு குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம். குழந்தை முன்னே, தண்ணீர்க் குடமோ விற்பனைச் சரக்கோ பின்னே. சேலைக்கு ஏற்றது இது, பெண்ணுக்கு ஏற்றது அது என்று கடைக்காரர் வகுத்து வைத்த வகைப்பாட்டை அவர்கள் பொருட்படுத்தவில்லை. தங்கள் நாள் எப்படிக் கழிகிறது என்று பார்த்தார்கள். அதற்கு எது உதவுமோ அதை எடுத்தார்கள். மிதிவண்டி தேர்ந்தெடுக்கும் கலையைப் பற்றி இதைவிடத் தெளிவான பாடத்தை நாம் எந்த நூலிலும் கண்டதில்லை.

இனி மகள் கேட்கும் வண்டிக்கு வருவோம். அதன் பார் சரிவாக இறங்குவது. குழந்தை அமர இடமில்லை. கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை, பெரும்பாலும் ஸ்டாண்டும் இல்லை. தனியொருவர் மட்டுமே ஏறிச் செல்லும் வண்டி. தாயார் காலத்துப் பெண்கள் கேட்ட எதுவும் இதில் இல்லையே என்று எண்ணத் தோன்றும். ஆயினும் ஒன்றைக் கருத வேண்டும். அன்று தாய் ஓட்டியபோது குடும்பத்தின் சுமை அவரோடு வண்டியேறிற்று. இன்று மகள், வாரம் முழுவதும் நோயாளிகளுக்கிடையே நின்று உழைத்துவிட்டு, ஒரு காலைப்பொழுதைத் தமக்கென்று கேட்கிறார். தம் உழைப்பின் ஊதியத்திலேயே கேட்கிறார். கடன் வாங்கியும் அன்று, பிறர் பங்கைக் குறைத்தும் அன்று. இதே ஆசையை வீட்டிலுள்ள மகன் ஒருவன் கூறியிருந்தால் உறவினர் வாய் திறந்திருப்பார்களா? இதனை வீண் செலவு என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

தந்தையின் கருத்திலும் உண்மை இல்லாமல் இல்லை. கோட்டைப்பட்டினத்திலிருந்து அறந்தாங்கிக்கு முப்பது கிலோமீட்டருக்கும் மேல். நாள்தோறும் பணிக்குச் சென்றுவர இவ்வண்டி உதவும் என்று மகள் சொல்லியிருப்பாரானால், அந்தக் காரணத்தைத் தள்ளிவிடுக. முட்கள் போன்ற தடித்த பட்டன் டயர் தார்ச் சாலையில் இழுக்கும், கால் சலிக்கும். அதற்குப் பேருந்தோ ஸ்கூட்டரோதான் தகும். மண் பாதையில் ஓட்டும் மகிழ்ச்சிக்காகவே இதை வாங்க வேண்டும். வேறு காரணம் தேடிச் சேர்ப்பது தேவையற்றது.

இவ்வகை வண்டி பிறந்த கதையும் விளையாட்டில் தொடங்கியதே. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மரின் என்ற பகுதியில் தமல்பைஸ் என்றொரு மலை உண்டு. 1970களில் அங்கிருந்த இளைஞர் சிலர், 1930, 1940களில் செய்யப்பட்ட தடித்த டயர் கொண்ட பழைய மிதிவண்டிகளைத் தேடிப் பிடித்து, அப்பகுதியின் மலைச்சரிவு மண் பாதைகளில் மேலிருந்து கீழே ஓட்டிப் பந்தயம் வைத்தனர். பெடலைப் பின்னோக்கி அழுத்தினால் பின் சக்கரம் நிற்கும் பழைய பிரேக். இறங்கி முடிப்பதற்குள் சூட்டில் அதன் கிரீஸ் புகைந்து போய்விடும். ஒவ்வொரு முறையும் புதிதாக நிரப்ப வேண்டும். அப்பந்தயப் பாதைக்கே ‘மீண்டும் நிரப்பு’ என்று பொருள்படும் ‘ரீபேக்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. 1977இல் ஜோ பிரீஸ் என்பவர் இதற்கென்றே தனிச் சட்டம் ஒன்றைச் செய்தார். 1981இல் பெருந்தொகையில் செய்யப்பட்ட வண்டி சந்தைக்கு வந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது போட்டியாகவே இடம்பெற்றது. பழைய வண்டியை வைத்துக்கொண்டு மண்ணில் இறங்கியவர்களின் விளையாட்டு இருபது ஆண்டுகளில் உலகை வலம் வந்தது.

மகள் கேட்பது இதில் ‘ஹார்டுடெயில்’ எனப்படும் வகை. ‘விறைத்த வால்’ என்று மொழிபெயர்க்கலாம். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் மட்டும் அதிர்வு தாங்கும் சுருள் அல்லது காற்றறை இருக்கும். பின்புறச் சட்டம் அசையாது. முன்னும் பின்னும் அதிர்வு தாங்கி வைத்த வண்டிகளும் உள்ளன. கடையில் பார்ப்பதற்கு அவை மோட்டார் சைக்கிளின் தம்பி போல் மிடுக்காக நிற்கும். 15,000 ரூபாய்க்கு அப்படியொரு வண்டி கிடைக்கிறதென்றால் அதனருகே செல்லவே வேண்டாம். நல்ல பின் அதிர்வு தாங்கி விலை மிகுந்தது. மலிவானது வண்டிக்கு எடையைக் கூட்டும். மிதிக்க மிதிக்கக் கட்டில் போல் ஆடி நம் வலிமையை உறிஞ்சும். சில மாதங்களில் அதன் மூட்டுகள் கடகடக்கும். பின்புற அசைவுகளுக்குச் செலவாக வேண்டிய பணம், விறைத்த வால் வண்டியில் சட்டத்திற்கும் பிரேக்கிற்கும் சக்கரத்திற்கும் சென்று சேர்கிறது. நடுத்தர விலையில் வாங்குவோருக்கு இதுவே சரியான வகை. மகள் இங்கே சரியாகவே தேர்ந்திருக்கிறார்.

வண்டியைப் பார்க்குமுன் மண்ணைப் பார்க்க வேண்டும். கோட்டைப்பட்டினத்திற்கும் ஜெகதாப்பட்டினத்திற்கும் மணமேல்குடிக்கும் இடையே மேடென்று சொல்லத்தக்க மேடு ஒன்றுமில்லை. பாக் நீரிணைக் கரை. மணல், களி, உப்புக் காற்று. மேற்கே உள்நாட்டுக்குச் செல்லச் செல்லக் கண்மாய்க் கரைகள், செம்புறாங்கல் தடங்கள், தைலமரக் காடுகள், நார்த்தாமலை குடுமியான்மலைப் பக்கம் பாறைகள். ஆளுயரப் பாறையிலிருந்து குதிக்கும் வேலை எங்குமில்லை. ஆகையால் ஃபோர்க்கின் அசைவு 100 மில்லிமீட்டர் இருந்தால் போதும். அதற்கு மேல் கேட்பது கடைக்காரருக்கு நன்மை.

அந்த 100 மில்லிமீட்டரும் தரமானதாக அமைய வேண்டும். கடையில் வண்டியின் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை அழுத்திப் பாருங்கள். அழுந்திய ஃபோர்க் சட்டென்று எகிறி வந்து ‘டக்’ என்று முட்டினால் அதில் வெறும் சுருள் மட்டுமே உள்ளது. திரும்பி வரும் வேகத்தை அடக்க ஒன்றுமில்லை. மெதுவாக, ஒரே சீராக எழுந்தால் நன்று. காற்றறை வைத்த ஃபோர்க் எடை குறைந்தது. ஓட்டுபவரின் எடைக்கேற்பக் காற்றை ஏற்றி இறக்கலாம். ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு இது மிகவும் முக்கியம். மலிவுச் சுருள் ஃபோர்க்குகள் பெரும்பாலும் எழுபது எண்பது கிலோ ஆடவரை மனத்திற்கொண்டு செய்யப்பட்டவை. எடை குறைந்தவர் ஏறினால் அவை அசைவதே இல்லை. பணம் கொடுத்து வாங்கிய அதிர்வு தாங்கி வெறும் இரும்புக் குழாயாய் நிற்கும். விலைக்குள் காற்று ஃபோர்க் கிடைக்காவிடில், எளிய சுருள் ஃபோர்க்காயினும் தார்ச் சாலைக்கு அசைவைப் பூட்டிவைக்கும் திருகு உள்ளதாகப் பார்க்கலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக அளவு. நிறம், கியர், நிறுவனம் யாவும் இதற்குப் பின்புதான். வண்டியின் இருபுறமும் கால் ஊன்றி நின்றால், பாருக்கும் உடலுக்கும் இடையே இரண்டு அங்குலமேனும் இடைவெளி வேண்டும். மண் பாதையில் திடீரென்று இறங்கிக் காலூன்ற நேரும். இடைவெளி இல்லாவிடில் துன்பம். 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்குப் பெரும்பாலும் 15 அல்லது 16 அங்குலச் சட்டம் பொருந்தும். 170க்கு 17 அல்லது 18. நம்மூர்க் கடைகளில் 18 அங்குலம் ஒன்றே இருப்பில் இருக்க, இருக்கையை இறக்கிக் கொடுத்து, இதுவே தங்களுக்கு ஏற்றது என்று சொல்லிவிடுகின்றனர். இருக்கையை இறக்கலாம், கைப்பிடி அருகில் வராது. முதுகும் தோளும் இரண்டாம் மாதம் வலிக்கும். நம்மில் பலர் சிறுவயதில் பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவர்கள். உடலை வண்டிக்குப் பொருத்திக்கொள்வது நமக்குப் பழக்கமாகிவிட்டது. முப்பதாயிரம் கொடுக்கும்போது அந்தப் பழக்கம் வேண்டாம். சிறிய அளவு இல்லையென்றால் வரவழைத்துத் தருமாறு கேட்டுக் காத்திருக்கலாம்.

அடுத்து, எவரும் குனிந்து பார்க்காத இடம்: பின் சக்கரத்தின் ஹப். ஏழு பற்சக்கரம் கொண்ட பழைய முறைப் பிரீவீல், ஹப்பின் வெளியே திருகி மாட்டப்படுவது. அதில் அச்சின் வலப்புறம் வெகுதூரம் தாங்கலின்றி நிற்கும். குழிகளில் இறங்க இறங்க அச்சு வளையும், சில வேளை ஒடியும். காசெட் எனப்படும் முறையில் தாங்கும் குண்டுகள் சட்டத்தின் ஓரம் வரை வந்துவிடுவதால் அச்சு பிழைக்கும். பின்புறம் எட்டு அல்லது ஒன்பது பற்சக்கரம் உள்ள வண்டி பெரும்பாலும் காசெட்டாகவே இருக்கும். ஆயினும் கேட்டு உறுதி செய்துகொள்க. நடுத்தர விலைக்கும் மலிவு விலைக்கும் இடையிலுள்ள மெய்யான வேறுபாட்டை இங்கே காணலாம்.

கியர்களின் எண்ணிக்கையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 21, 24, 27 என்று அட்டையில் பெரிதாக அச்சிடுவார்கள். முன்னே மூன்றும் பின்னே ஏழுமாக அவை ஒன்றையொன்று தழுவியே கிடக்கும். மேடில்லாத நம் கடற்கரைக்கு முன்னே ஒன்று, பின்னே ஒன்பது என்றிருந்தாலும் குறையில்லை.

பிரேக்கில் இக்காலத்தில் டிஸ்க் வகையே வருகிறது. எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவது ஒரு விரலாலேயே பிடிக்கத்தக்கது. சிறிய கைகளுக்கு மிகவும் இதம். கம்பியால் இழுப்பது சற்று வலிந்து பிடிக்க வேண்டியது. ஆனால் கம்பி அறுந்தால் எந்த ஊர்ச் சைக்கிள் கடையிலும் மாற்றிக்கொள்ளலாம். எண்ணெய் பிரேக்கில் காற்றுப் புகுந்துவிட்டால் அதற்குப் பழகிய கையும் அதற்குரிய எண்ணெயும் தேவை. திருச்சி, மதுரை என்று நகரம் தேட நேரலாம். மகளுக்கு நகரம் சென்றுவர வாய்ப்பிருந்தால் எண்ணெய் வகையையும், இல்லையேல் நல்ல கம்பி வகையையும் நாம் பரிந்துரைப்போம்.

இப்பகுதியில் மிதிவண்டிக்கு மெய்யான பகைவர் இருவர். முதலாமவர் முள். கண்மாய்க் கரையெங்கும் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அதன் முள் செருப்பின் அடியையே துளைக்கும். தரையில் நெருஞ்சி. விலையுயர்ந்த டயரும் இவற்றின் முன் தலைவணங்கும். டியூபுக்குள் ஊற்றும் ஒட்டுத் திரவம் கடைகளில் கிடைக்கிறது. சிறு துளைகளை அது தானே அடைத்துக்கொள்ளும். வாங்கும் நாளிலேயே ஊற்றச் சொல்லலாம். முள்ளைக் கண்டவுடன் பிடுங்காமல் வீடு வந்து சேர்ந்தபின் பிடுங்குவதும் ஒரு சூழ்ச்சி. மாற்று டியூப் ஒன்று, நெம்பு கோல் இரண்டு, சிறு பம்ப் ஒன்று எப்போதும் உடன் இருக்கட்டும். டியூப் வாங்கும்போது வால்வைக் கவனிக்க வேண்டும்: மோட்டார் சைக்கிளில் உள்ளது போன்ற தடித்த வால்வாக இருந்தால் பெட்ரோல் நிலையத்திலும் காற்றடிக்கலாம், மெல்லிய ஊசி வால்வாக இருந்தால் நடுவழியில் உதவுவார் இலர். 27.5 அங்குலம், 29 அங்குலம் என்ற சக்கர அளவுகளுக்கு டியூப் சிற்றூர்க் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை என்பதால் இரண்டாக வாங்கி வைப்பது நல்லது. டயர் அகலம் 2.1 அங்குலத்திற்குக் குறையாமல் இருக்கட்டும், 2.25 இருந்தால் மணலில் புதையாது. காற்றைக் கல்லாக ஏற்றிவிடுவது நம் வழக்கம். மண் பாதைக்கு, எடை குறைந்தவருக்கு, கடையில் ‘பாயிண்ட்’ என்று சொல்லும் அளவில் முப்பதுக்குள் போதும்.

இரண்டாமவர் உப்பு. கோட்டைப்பட்டினத்தில் விசைப்படகுத் துறையை ஒட்டி வாழ்வோருக்கு இதை நாம் சொல்லத் தேவையில்லை. கதவுக் கீல் முதல் தையல் இயந்திரம் வரை அது என்ன செய்யும் என்று அவர்களே அறிவர். அலுமினியக் கலவைச் சட்டம் இரும்பைப் போல் துருப்பிடிப்பதில்லை. அதைக் கேட்டு நிம்மதியடைந்துவிடக் கூடாது. செயின், ஆரக்கம்பி, திருகுகள், ஃபோர்க்கின் வழவழப்பான உள்தண்டு ஆகிய யாவும் பெரும்பாலும் இரும்பே. கடற்கரையில் ஓட்டி வந்த நாளிலேயே நல்ல நீரை மெல்ல ஊற்றிக் கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெயிட வேண்டும். பிரேக் வட்டில் எண்ணெய் ஒரு துளியும் படலாகாது. இருக்கைக் குழாயை மாதம் ஒருமுறை வெளியே எடுத்துக் கிரீஸ் தடவுங்கள். இல்லையெனில் அது சட்டத்தோடு பிணைந்து, பிறகு எவராலும் அசைக்க முடியாமல் போகும். அலையோரத்து ஈர மணலில் ஓட்டிப் படம் எடுத்துக்கொள்ளும் ஆசை இளைஞருக்கு உண்டு. அந்த ஒரு படத்திற்கு ஒரு செயினை விலையாகக் கொடுக்க நேரும்.

விலையைப் பற்றி: இன்றைய நிலையில் 10,000 ரூபாய்க்கு மலை மிதிவண்டி என்று விற்கப்படுவது தோற்றத்தில் மட்டுமே அப்படி. மண் பாதையைத் தாங்கும் வண்டி ஏறத்தாழ 20,000 ரூபாயில் தொடங்குகிறது. 40,000க்கு மேல் செல்ல முதல் வண்டிக்கு அவசியமில்லை. மகள் குறித்துள்ள தொகை நடுவில் நிற்கிறது. ஆனால் முப்பதாயிரத்தையும் வண்டிக்கே கொடுத்துவிடாமல், தலைக்கவசம், பம்ப், டியூப், கருவிகள் ஆகியவற்றுக்கு மூன்று நான்காயிரம் ஒதுக்கி வைக்க வேண்டும். தலைக்கவசம் இல்லாமல் பாறைப் பக்கம் செல்ல விடாதீர்கள்.

அஞ்சலில் பெட்டியாக வரவழைத்தால் சிறிது மலிவு. ஆனால் பூட்டுபவர் கை பழகியதாக இருக்க வேண்டும். முன் ஃபோர்க்கை முன்பின்னாகத் திருப்பி மாட்டி ஓட்டிக்கொண்டு செல்வோரைச் சாலையில் நாம் பலமுறை கண்டு திகைத்திருக்கிறோம். டிஸ்க் பிரேக்கின் பிடி, ஓட்டுபவரின் இடப்புறத்தில் ஃபோர்க்கின் பின்பக்கமாக இருப்பதே பெரும்பாலான வண்டிகளில் சரியான நிலை. புதிய சக்கரங்களின் ஆரக்கம்பிகள் முதல் நூறு கிலோமீட்டரில் தளரும். ஊர்க் கடையில் கோட்டம் எடுக்கத் தெரிந்த முதியவர் எவரேனும் இருந்தால் அவரிடம் ஒருமுறை காட்டுங்கள். டிஸ்க் பிரேக்கைத் தொட அவர் தயங்கலாம். கோட்டம் எடுப்பதில் அவரை மிஞ்சுவார் நகரத்துக் கடையிலும் அரியர்.

ஓட்டுமிடம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காப்புக் காடுகளுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். தைலமரத் தோட்டங்களிலும் உரியவரைக் கேட்டே செல்ல வேண்டும். நார்த்தாமலை, குடுமியான்மலைப் பாறைகள் தொல்லியல் காப்பிலுள்ள கோயில்களும் கல்வெட்டுகளும் கொண்டவை. அவற்றின் மேல் சக்கரம் படுதல் தகாது. கண்மாய்க் கரைகள் திறந்தே கிடக்கின்றன. மழை பெய்த மறுநாள் மட்டும் வேண்டாம். களிமண் சக்கரத்தில் அப்பி வண்டியைத் தோளில் சுமக்கச் செய்வதோடு, கரையிலும் பள்ளம் விழும்.

பணம் கொடுக்குமுன் கடை வாசலில் இரண்டு சுற்று ஓட்டிப் பார்ப்பது போதாது. அரைமணி நேரமேனும் மண் தரையில் ஓட்டிப் பார்க்க விடுமாறு கேட்கலாம். மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

தாயார் கேளாத வினா ஒன்றுக்கும் விடை கூறிவிடுவோம். 16 அங்குலச் சட்டத்தில் இருக்கையைச் சற்று இறக்கினால் அவரும் தாராளமாக ஓட்டலாம். 1991இல் அவர் பழகிய பார் வண்டி இருபது கிலோ அளவில் இருந்திருக்கும், இது பதினான்கு. கால் தூக்கிப் போடும் முறை அதேதான். சேலையில் மட்டும் வேண்டாம், செயினுக்கு மூடி கிடையாது. ஸ்டாண்டு இல்லாததால் இறங்கியபின் சாய்த்து வைக்க ஒரு சுவர் தேவைப்படும்.